மன்னார் வழியே வந்த நீர்யானை

(பெரியமடுவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





இலங்கையில் நீர்யானை வாழ்ந்தது. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் நிற்கிறதைச் சொல்லவில்லை. அது ஆபிரிக்க இனம். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த நாட்டு ஆறுகளில் பகலெல்லாம் கிடந்து, இரவில் கரையேறிப் புல் மேய்ந்து, இங்கேயே செத்து எலும்பாகிப் போன நீர்யானையைச் சொல்கிறேன். அதோடு காண்டாமிருகமும் இருந்தது. இந்தியக் காடுகளில் இன்றும் திரிகிற பெரிய காட்டுமாடும் இருந்தது. மூன்றும் இன்று இலங்கைக் காடுகளில் இல்லை. இதில் முதலாவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். அந்த நீர்யானை இலங்கைக்குள் நுழைந்த வாசல் உங்கள் மாவட்டம் என்பதால், இந்தப் பேச்சைக் கேட்க வேண்டிய முதல் ஆட்கள் நீங்கள்தான்.

குளம்புள்ள மிருகம் என்றால் நம் பக்கத்தில் என்னென்ன? வீட்டில் மாடு, எருமை, ஆடு. காட்டுக்குள் போனால் மரை, புள்ளிமான், சருகுமான், பன்றி. மன்னார் பட்டினத்துக்குப் போனால் தெருவெல்லாம் கழுதை. கழுதைக்கு மட்டும் ஒற்றைக் குளம்பு. மற்றதெல்லாம் இரட்டைக் குளம்புக் கூட்டம். நீர்யானையையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பார்கள். ஆனால் அதன் கால் மாட்டுக் கால் போலப் பிளந்திருக்காது. ஒவ்வொரு காலிலும் நான்கு விரல்கள் விரிந்திருக்கும். ஒவ்வொரு விரல் நுனியிலும் நகம் போல ஒரு சின்னக் குளம்பு இருக்கும். நான்கும் நிலத்தில் படும். ஆயிரம் கிலோவைத் தாண்டிய உடம்பைச் சேற்றில் சுமந்து நடக்க அப்படிப்பட்ட கால்தான் வேண்டும்.

நம் நாட்டில் வாழ்ந்து அழிந்த பேரினத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஹெக்ஸாபுரோட்டோடன். முன்பக்கத்தில் ஆறு வெட்டும் பற்கள் உடையது என்று பொருள். ஆபிரிக்காவில் இன்றிருக்கிற பெரிய நீர்யானைக்கு ஒரு தாடையில் நான்குதான் உண்டு. 1836ஆம் ஆண்டு, இமயமலையின் அடிவாரத்தில் இருக்கிற சிவாலிக் குன்றுகளில் எடுத்த மண்டையோடுகளைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹியூ பால்கனர், சஹாரன்பூர் தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வைத்தியர். மற்றவர் புரோபி கோட்லி. அவர் வாய்க்கால் வெட்டுகிற பொறியியலாளர். பிற்காலத்தில் கங்கைக் கால்வாயைக் கட்டிப் பெயர் பெற்றவர் அவர்தான். நீர்ப்பாசன வேலைக்குப் போன மனிதர் பூமிக்குள் கிடந்த எலும்பையும் கவனித்தார் என்பதைக் குளத்தையும் வாய்க்காலையும் நம்பி வாழ்கிற இந்த ஊரில் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்காக இலண்டன் நிலவியல் சங்கம் 1837இல் இருவருக்கும் தன் உயர்ந்த பதக்கத்தைக் கொடுத்தது.

சிவாலிக்கில் இருந்த நீர்யானை ஒரு இனம். நர்மதை ஆற்றுப் படிவுகளில் கிடைத்தது, காலத்தால் பிந்திய இன்னொரு இனம். அந்த நர்மதை இனத்தின் கீழ்த்தாடையைப் பார்த்தால் ஒரு விசயம் தெரியும். ஒரு பக்கத்து மூன்று வெட்டும் பற்களில் நடுப்பல் ஒடுங்கி, மற்ற இரண்டுக்கும் இடையில் மேலே தள்ளுண்டு நிற்கிறது. ஆறு பல் நான்கு பல்லாகப் போகிற பாதையில் அது பாதி வழி வந்திருக்கிறது. இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கிற மாற்றம் ஒரு தாடை எலும்பில் கண்ணால் பார்க்கக் கூடியதாக இருப்பது, எனக்கு இன்றைக்கும் வியப்பான காரியம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை நீர்யானையின் எலும்பை நமக்குத் தந்தது இரத்தினபுரி. தந்தவர்கள் மாணிக்கக்கல் குழித் தொழிலாளர்கள். வயலுக்கு நடுவே சதுரமாகக் குழி இறக்குவார்கள். மண் சரியாமல் மரத்தை முட்டுக்கொடுத்து, இடைவெளியில் பன்னத் தழையை அடைப்பார்கள். ஊறுகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே களி, மணல், மறுபடி களி என்று கீழே போவார்கள். அடியில் கல்லும் பருக்கையும் கலந்த ஒரு படுக்கை வரும். இல்லம என்று அங்கே சொல்வார்கள். மாணிக்கம் இருப்பது அதில். பழைய ஆறு ஓடிய தடம் அது. அந்தப் பருக்கையை மேலே ஏற்றிக் கூடையில் அரித்துக் கழுவும்போது, மாணிக்கத்தோடு கூடக் கறுத்துப்போன பல்லும் எலும்பும் வரும். கல்லுக்கு விலை இருக்கிறது, எலும்புக்கு இல்லை. எவ்வளவு எலும்பு அப்படியே குப்பையோடு குப்பையாய்ப் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் பதைக்கிறது.

அதைத் தடுத்து எடுத்துவைத்தவர் போலஸ் எட்வட் பீரிஸ் தெரணியகல. 1900இல் பிறந்தவர், 1939 முதல் 1963 வரை இலங்கைத் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர். மீனும் ஊர்வனவும் அவருக்கு முதல் துறை. ஆனால் 1930களிலிருந்து இரத்தினபுரிக் குழிகளில் வந்த எலும்புகளைத் தேடிச் சேர்த்து, அதில் நீர்யானையையும் காண்டாமிருகத்தையும் பழைய யானை வகைகளையும் சிங்கத்தையும்கூட இனங்கண்டு எழுதினார். சிங்கத்துக்கு அவரிடம் இருந்த ஆதாரம் குருவிற்றையில் கிடைத்த பல். அந்த எலும்புகள் இல்லாவிட்டால் இலங்கையில் நீர்யானை இருந்தது என்று இன்றைக்கு ஒருவரும் சொல்லப்போவதில்லை. குழிக்காரர் கையிலிருந்து நூதனசாலை மேசைக்கு ஒரு பல் வந்துசேர்வது எத்தனை பேருடைய பொறுமையில் தங்கியிருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பல் என்றேன். ஒரு பல்லை வைத்து மிருகத்தை எப்படிச் சொல்ல முடியும் என்று பிள்ளைகள் கேட்கலாம். நீர்யானையின் கடைவாய்ப்பல் தேயத் தேய, மேற்பரப்பில் மிளிரி என்கிற வெள்ளை மேற்பூச்சுக்குள்ளே இரண்டு உருவம் எதிரெதிராகத் தெரியும். ஒவ்வொன்றும் மூன்று இலை சேர்ந்த கொழுந்து மாதிரி இருக்கும். மாட்டுப் பல்லில் பிறை வடிவம் வரும். யானைப் பல்லில் தகடு தகடாகக் குறுக்கே கோடு ஓடும். பன்றிப் பல்லில் சின்னச் சின்ன முண்டுகள் நெருங்கி நிற்கும். இந்த நான்கையும் ஒரு தடவை பார்த்துப் பழகிய கண் பிறகு தவறாது. கால் எலும்பு உடைந்தால் யாருடையது என்று சொல்வது கடினம். பல் உடைந்து பாதி கிடைத்தாலும் சொல்லிவிடலாம். மிளிரி உடம்பிலேயே கடினமான பொருள் என்பதால் மண்ணுக்குள் அதிக காலம் தாக்குப்பிடிப்பதும் அதுதான்.

இந்த மிருகம் இங்கே எப்படி வந்தது? நடந்து வந்தது. நீர்யானை கடலை நீந்திக் கடக்கிற சாதி இல்லை. ஆற்றில்கூட அது பெரும்பாலும் அடித்தரையில் கால் ஊன்றித்தான் போகும்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர்தான். அந்த வழியில் மணல்திட்டுகளும் ஆழமில்லாத தண்ணீரும்தான் இருக்கின்றன. பாக்கு நீரிணையிலும் பெரும்பகுதி பதினைந்து மீற்றர் ஆழம் வராது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வடதுருவப் பக்கத்து நாடுகளில் பனி மலைமலையாக உறைந்து கிடந்தபோது உலகம் முழுவதும் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் இறங்கியிருந்தது. பதினைந்து மீற்றர் கடல் அங்கே எங்கே நிற்கும்? இராமேசுவரத்திலிருந்து மன்னார், பூநகரி, யாழ்ப்பாணம் வரை ஒரே வெளியாகக் கிடந்திருக்கும். அதற்கு முன்னும் இப்படிப் பலமுறை கடல் இறங்கியது, பலமுறை ஏறியது. கடைசியாகக் கடல் ஏறி நம்மைத் தீவாக்கி இன்னும் பத்தாயிரம் ஆண்டுகூடச் சரியாக ஆகவில்லை.

அந்தக் காலத்து வெளியை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். அருவி ஆறு அரிப்புக்குப் பக்கத்தில் கடலில் விழாமல் இன்னும் மேற்கே ஓடியிருக்க வேண்டும். பறங்கி ஆறும் அப்படித்தான். அந்தப் பக்கத்திலிருந்து வைகை கிழக்கே வந்திருக்கும். ஆறுகளுக்கு இடையில் தரவைகள், மாரியில் நிறைகிற வில்லுகள் என்னும் இயற்கை நீர்நிலைகள். தெற்கே வில்பத்துவில் இன்றைக்கும் இருக்கிற வில்லுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நீர்யானைக்கு வேண்டியது இரண்டே இரண்டுதான்: பகலில் முழுக்க முங்கிக் கிடக்கத் தண்ணீர், இரவில் மேயக் குட்டைப் புல். ஒரு இராத்திரிக்கு நாற்பது கிலோ வரை புல் தின்னும். ஒரு வில்லிலிருந்து அடுத்த வில்லுக்கு, ஒரு ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்கு என்று தலைமுறை தலைமுறையாக அது நகர்ந்து வந்திருக்கிறது. ஆசியாவுக்குள் நீர்யானை வந்து ஏறத்தாழ அறுபது இலட்சம் ஆண்டுகள். இந்தோனேசியாவின் யாவா வரைக்கும் அதன் எலும்பு கிடைத்திருக்கிறது. யாவாவும் அப்படிக் கடல் இறங்கிய காலத்தில் தரையோடு சேர்ந்த தீவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது மன்னார்க் கடல் பக்கத்து ஆட்களுக்கு. நீர்யானைக்கு உயிரோடிருக்கிற மிருகங்களில் மிக நெருங்கிய சொந்தம் பன்றி இல்லை, மாடு இல்லை. திமிங்கிலமும் டொல்பினும்தான். நம் கடலில் துள்ளுகிற ஓங்கில் மீனைச் சொல்கிறேன். மரபணுவைப் பார்த்து இதைச் சொன்னபோது எலும்பைப் படித்தவர்கள் முதலில் ஏற்கவில்லை. காஷ்மீரத்தில் காலாகோட் என்ற இடத்தில் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் சேர்த்த பாறைகளில், முயலளவுக்குச் சற்றுப் பெரிய, குளம்புள்ள ஒரு மிருகத்தின் எலும்பு இருந்தது. 1971இல் அதற்கு இந்தோஹியஸ் என்று பெயர் வைத்தார். மீதிப் பாறைகளை உடைத்துப் பார்க்கும் முன் அவர் காலமாகிவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய மனைவி அந்தப் பாறைகளை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். உடைத்தபோது வெளிவந்த காதெலும்பில், திமிங்கிலக் கூட்டத்துக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த தடித்த விளிம்பு இருந்தது. 2007இல் அது வெளியானது. குளம்போடு நடந்த கூட்டத்திலிருந்துதான் கடலுக்குள் போன கூட்டமும் வந்தது என்பதற்குக் காஷ்மீரத்துப் பாறை சாட்சி சொன்னது. ஒரு பெண்மணி கணவரின் கற்களை வீசிவிடாமல் காத்துவைத்திருந்ததால் கிடைத்த சாட்சி அது.

சரி, நம் நீர்யானை ஏன் போனது?

இந்தியாவில் ஹெக்ஸாபுரோட்டோடனின் ஆகப் பிந்திய எச்சத்தைப் பற்றி 2019இல் அத்வைத் ஜுகர், ராஜீவ் பட்நாயக், பார்த் சௌஹான் முதலானோர் எழுதியிருக்கிறார்கள். அதன் வயது ஏறத்தாழ 16,000 ஆண்டு. மழைக்காற்று பலவீனப்பட்டு வற்றாத ஆறுகள் வற்றத் தொடங்கியதே முக்கிய காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இலங்கையிலும் அந்தக் கால வறட்சிக்குச் சான்று உண்டு. ஹோர்ட்டன் சமவெளியின் சேற்றுப் படிவில் புதைந்த மகரந்தத் தூள்களைப் படித்ததில், சுமார் 24,000 ஆண்டு முதல் 18,000 ஆண்டு வரைக்கும் அந்த மலையுச்சியே வறட்சியாக இருந்தது தெரிகிறது. மலையே காய்ந்தால் நம் பக்கம் எப்படி இருந்திருக்கும்!

வறட்சி எல்லா மிருகத்தையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. யானை ஒரு இராத்திரியில் இருபது மைல் நடந்து அடுத்த தண்ணீரைப் பிடிக்கும். எருமை முழங்கால் சேறு இருந்தாலும் புரண்டு சமாளிக்கும். மரைக்கும் மானுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் போதும். நீர்யானையின் தோல் வெயிலில் தாங்காது. தண்ணீருக்கு வெளியே பகலைக் கழித்தால் உடம்பு நீர் வேகமாக ஆவியாகி, தோல் வெடித்துப் புண்ணாகும். தண்ணீர் சுருங்கச் சுருங்க, எல்லாம் ஒரே மடுவில் நெருங்கி, சுற்றியிருக்கிற புல்லைத் தின்று தீர்த்துவிடும். பிறகு புல்லைத் தேடித் தூரம் போக வேண்டும், விடிவதற்குள் திரும்ப வேண்டும். ஒரு ஆவணியில் பறங்கி ஆற்று மணலில் இறங்கி நின்று பார்த்தவர்களுக்கு, அங்கே அப்படி ஒரு மிருகம் பிழைக்குமா பிழைக்காதா என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரத்தினபுரியில் மழைக்குக் குறைவில்லையே, களு கங்கை வற்றாதே, அங்கே ஏன் தப்பவில்லை என்ற கேள்வி நியாயமானது. இதற்கு என் எண்ணத்தைச் சொல்கிறேன். அங்கே தண்ணீர் இருந்தது, புல் இல்லை. மறுபடி மழை பெருகியபோது அடர்ந்த காடு ஆற்றங்கரை வரை மூடிக்கொண்டது. காட்டு நிழலில் புல் வளராது. வடக்கே புல் இருந்த இடத்தில் தண்ணீர் நிலைக்கவில்லை, தெற்கே தண்ணீர் இருந்த இடத்தில் புல் நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு கடலும் ஏறி வாசலை மூடிவிட்டது. புதிதாக ஒன்றும் வர வழியில்லை.

மனிதன் கொன்று தீர்த்தானா என்றும் கேட்பார்கள். அப்போது இங்கே மனிதர் இருந்தார்கள். பாகியன்கல என்னும் பாகியன் குகையில் நாற்பத்தையாயிரம் ஆண்டுக்கும் முந்திய வாழ்வின் தடயம் இருக்கிறது. ஆனால் அந்தக் குகை மனிதர் விட்டுப்போன எலும்புகளில் பெரும்பகுதி குரங்கும் அணிலும்தான். மரத்தில் ஏறுகிற சின்ன மிருகத்தைப் பிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர். நீர்யானையை ஒழித்த பழியை அவர்கள் தலையில் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

ஒரு விசயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். இன்றைக்கு வன்னியிலும் மன்னாரிலும் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கிறது என்றால் அது குளத்தில்தான் நிற்கிறது. கட்டுக்கரைக் குளமும் அதற்கு அருவி ஆற்றை மறித்துத் தண்ணீர் திருப்புகிற தேக்கமும், பெரியமடுக் குளமும், மற்றச் சிறு குளங்களும் மனிதன் கட்டினவை. மனிதன் குளத்துக்கட்டுப் போடத் தொடங்கியபோது நீர்யானை போய்ப் பல்லாயிரம் ஆண்டு. இன்று யானையும் மரையும் நம் குளத்துக்கு வருகின்றன, பயிரைத் தின்கின்றன, அதனால் சண்டையும் வருகிறது. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த வறண்ட நிலத்தில் பெரிய மிருகம் மிஞ்சியிருப்பதற்கு உங்கள் முன்னோர் கட்டிய குளமும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

காட்டுமாட்டின் கதை வேறு. அது மிகப் பிந்தித்தான் போனது. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ இருபது ஆண்டு கண்டி இராச்சியத்தில் இருந்தார். 1681இல் வெளிவந்த தன் புத்தகத்தில், அரசன் வைத்திருந்த மிருகங்களுள் கௌவெர என்ற ஒன்றைக் கண்டதாக எழுதுகிறார். முதுகெலும்பு கூர்ந்து நிற்கும், நான்கு காலும் பாதி வரை வெள்ளை என்கிறார். காட்டுமாட்டைக் கண்டவர்களுக்கு அந்த வெள்ளைக் காலுறை உடனே நினைவுக்கு வரும். தெரணியகல அதன் எலும்பையும் பிறகு இனங்கண்டார். அந்த நொக்ஸ் தப்பி ஓடிவந்த வழி எது தெரியுமா? அனுராதபுரத்திலிருந்து மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்து, அதாவது நம் அருவி ஆற்றின் கரையைப் பிடித்து, 1679 ஒக்ரோபரில் அரிப்புக் கோட்டையில் வந்து ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். இலங்கையில் காட்டுமாட்டைக் கண்ணால் கண்டு எழுதிவைத்த மனிதர் உங்கள் ஆற்றுவழியே நடந்து போயிருக்கிறார்.

இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். இலங்கை நீர்யானையின் வரலாற்றை நாம் இதுவரை படித்தது இரத்தினபுரியிலிருந்து. அது பயணத்தின் கடைசித் தரிப்பிடம். அங்கேயும் ஆறு புரட்டிக் கலக்கிய பருக்கையில் வெவ்வேறு காலத்து எலும்புகள் ஒன்றாய்க் கிடப்பதால், எது எப்போது என்று பிரிப்பது பெரும்பாடு. பயணம் தொடங்கிய இடம் இந்தப் பக்கம். இரணைமடுப் படிவு என்று தெரணியகலவின் மகன் சிரான் பெயரிட்ட செம்மணலும் பருக்கையும் வடக்கிலும் வடமேற்குக் கரையிலும் பரந்து கிடக்கின்றன. தந்தை எலும்பைத் தேடினார், மகன் அந்தப் படிவில் கற்கருவிகளைத் தேடினார். தென்கரையில் பூந்தலவில் இதே படிவுக்கு ஒரு இலட்சம் ஆண்டுக்கு மேல் வயது கணித்திருக்கிறார்கள். மாந்தை அகழ்வில் துறைமுகக் கட்டடங்களுக்கு அடியில் வேட்டைக்கால நுண்கற்கருவிகள் வந்தன. கட்டுக்கரைக் குளத்தை அண்டிப் பேராசிரியர் புஷ்பரட்ணம் நடத்திய அகழ்வும் உங்களுக்குத் தெரிந்ததே. மனிதனைத் தேடிய அளவுக்கு மிருகத்தையும் இங்கே தேட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

தேடுவதற்குப் புதிதாகக் குழி வெட்டச் சொல்லவில்லை. குளம் தூர்வாருகிறீர்கள், கிணறு வெட்டுகிறீர்கள், துருசு திருத்துகிறீர்கள், ஆற்றில் மணல் அள்ளுகிறீர்கள். முருங்கனில் ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு எவ்வளவு களி அள்ளினார்கள்! அந்த வேலைகளில் எலும்பு மாதிரியோ பல் மாதிரியோ ஒன்று தட்டுப்பட்டால், முதலில் கையில் எடுத்துப் பாரத்தைப் பாருங்கள். பருமனுக்கு மிஞ்சிய பாரம் இருந்தால், உடைந்த இடம் வெள்ளையாக இல்லாமல் கறுப்பாகவோ மண்ணிறமாகவோ இருந்தால், அது நேற்றைய மாட்டெலும்பு ஆகாது. வேலையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். தோண்டிய விளிம்பிலிருந்து எவ்வளவு ஆழம் என்று கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். களியிலா, பருக்கையிலா, செம்மணலிலா என்று குறியுங்கள். எடுப்பதற்கு முன் கைத்தொலைபேசியில் ஒரு படம், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து. எடுத்த பிறகு தேய்த்துக் கழுவ வேண்டாம், வெயிலில் காயப் போட வேண்டாம். ஈரத்திலிருந்து வந்த எலும்பு வெயிலில் ஒரே நாளில் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். கூடவே அதே இடத்து மண்ணில் ஒரு கைப்பிடியைத் தனிப் பையில் போடுங்கள். அந்த மண்ணை வைத்துத்தான் வயதைச் சொல்லக் கூடியவர்கள் சொல்வார்கள். பிறகு பள்ளிக்கூட ஆசிரியர் மூலமாக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ தெரியப்படுத்துங்கள்.

பெக்கோ ஓட்டுகிற தம்பிமார் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்களா தெரியாது. வாளி மண்ணில் இறங்குவதை முதலில் காண்கிற கண் அவர்களுடையது. தூர்வாரும் வேலை தொடங்க முன் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் அவர்களையும் கூப்பிட்டு இதை ஒரு விசயமாக எடுத்துச் சொல்லுங்கள். நீர்யானை, மாடு, யானை, பன்றி நான்கின் பல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற படத்தைப் பள்ளிக்கூடத்துக்குத் தந்திருக்கிறேன். அதைக் குளத்துக்கட்டில் வேலைக் கொட்டிலில் ஒட்டிவைத்தால் போதும்.